ஃப்ளைவீலும் தேய்பொருளான கதை

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நிற்க வேண்டும். பிறகு உதறல் இல்லாமல் கிளம்பவும் வேண்டும். அதற்காக வந்ததுதான் கிளட்ச். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் போல்ட் போட்டு முடுக்கிய கனத்த இரும்புச் சக்கரம் ஃப்ளைவீல். பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட்டை அதன் முகத்தோடு சேர்த்து அழுத்தினால் எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகும்; பெடலை மிதித்தால் பிடி விடும். இதில் தேய்வது பிளேட், வண்டியின் ஆயுள் வரை உழைப்பது ஃப்ளைவீல் என்பதே நெடுநாள் நடைமுறை. சரக்கு வேன்களில் ஃப்ளைவீலையும் கழற்றி மாற்றும் வழக்கம் பரவியது 1990களுக்குப் பிறகுதான்.

தொடக்கத்தில் இன்று நாம் அறிந்த கிளட்சே கிடையாது. கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் விசையைக் கடத்தியது வார்ப்பட்டை. வண்டியை நிறுத்த வேண்டுமானால் பட்டையை, வெறுமனே சுற்றும் இன்னொரு கப்பிக்குத் தள்ளிவிடுவார்கள். ஆலைகளில் நீராவி எஞ்சினோடு இயந்திரங்களை இணைக்கவும் பிரிக்கவும் இருந்த ஏற்பாடே இது. பென்ஸ் நிறுவனம் 1896இல் டெலிவரி வேன் செய்தபோதும் பட்டைகளின் காலம் முடியவில்லை. ஆனால் எடை கூடக்கூடப் பட்டை வழுக்கியது.

அடுத்து ஆண்டது கூம்புக் கிளட்ச். ஃப்ளைவீலின் உட்புறத்தைக் கூம்பாகக் குடைந்து, அதில் பொருந்தும் இன்னொரு கூம்புக்குத் தோல் போர்த்தி, பலமான ஸ்பிரிங்கால் அழுத்தி வைத்தார்கள். அதன் குணம் முழுக்கத் தோலின் குணம். காய்ந்து இறுகினால் வெடுக்கென்று பிடித்து வண்டியைத் தூக்கிப்போடும். எண்ணெய் ஊறினால் வழுக்கும். இறுகிய தோலுக்கு விளக்கெண்ணெய் தடவி ஊறவிடுவதும், வழுக்கும் தோலில் முல்தானி மண்ணைத் தூவுவதும் அன்றைய ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கைவைத்தியம். தோல் தேய்ந்துவிட்டால் புதிதாக வெட்டி, கூம்பின் மேல் இறுக்கிப் போர்த்தி, செம்பு ரிவெட் அடிப்பார்கள். ரிவெட்டின் தலை தோலின் மட்டத்துக்குக் கீழே அமுங்கியிருக்க வேண்டும்; துருத்திக்கொண்டிருந்தால் ஃப்ளைவீலை உழுதுவிடும்.

தோலுக்கு மாற்று, குதிரை வண்டியின் பிரேக் வழியாக வந்தது. இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897இல் வண்டிகளின் பிரேக் கட்டைக்கு நல்ல உராய்வுப் பொருளைத் தேடத் தொடங்கினார். ஃபெரோடோ என்ற பெயரில் விற்பனையான அவரது லைனிங்குகளில் பின்னர் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ந்தது. சூடு தாங்கும் லைனிங் கிடைத்ததும் கூம்பின் வேலை முடிந்தது. தட்டையான ஒற்றை பிளேட்டே போதுமானதாயிற்று. அமெரிக்காவின் போர்க் அண்ட் பெக் இவ்வகைக் கிளட்சைப் பரப்பியது. பிரான்ஸில் ஃபெரோடோ லைனிங்கை விற்க 1923இல் தொடங்கிய நிறுவனம், 1932இல் தானே கிளட்ச் செய்ய ஆரம்பித்தது. 1980 முதல் அதன் பெயர் வாலியோ.

இதன் பிறகு பல பத்தாண்டுகள் பட்டறை வேலை ஒரே மாதிரிதான். கியர்பாக்ஸை இறக்கு, பழைய லைனிங்கைப் பெயர்த்துப் புதியதை ரிவெட் அடி, ஃப்ளைவீலில் கோடு விழுந்திருந்தால் லேத்தில் ஏற்றி மெலிதாகச் சீவி எடு. 1960களில் பிரஷர் பிளேட்டை அழுத்தும் சுருள் ஸ்பிரிங்குகளின் இடத்தில் டயாஃப்ரம் ஸ்பிரிங் பரவ, பெடல் லேசானது. சென்னையில் 1964இல் ரானே பிரேக் லைனிங்கும் 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் தொடங்கி, உள்நாட்டிலேயே லைனிங் செய்தன. பழைய லைனிங்கின் தூசியை ஏர் அடித்து ஊதும் பழக்கம் மெக்கானிக்குகளின் நுரையீரலுக்கு ஆபத்து என்பது தெரிந்தும், ஆஸ்பெஸ்டாஸ் போக நெடுங்காலம் ஆனது. பிரிட்டன் 1999இல்தான் அதைத் தடை செய்தது.

ஃப்ளைவீலின் நிலையை மாற்றியது டீசல். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறைதான் எரிப்பு நடக்கிறது. டர்போவும் நேரடி எரிபொருள் பீச்சலும் வந்து, குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை கூடியதும் ஒவ்வொரு எரிப்பும் அடியாக விழுந்தது. கியர்பாக்ஸின் பற்கள் கடகடத்தன. ஜெர்மனியின் பூல் நகரில் உள்ள லுக் நிறுவனம் 1985இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த இரட்டை நிறை ஃப்ளைவீல் இதற்கு மருந்து. ஒரு பாதி கிராங்க் ஷாஃப்டோடு, மறு பாதி கிளட்சோடு. நடுவே கிரீஸில் அமிழ்ந்த வளைந்த ஸ்பிரிங்குகள் அதிர்வைத் தாங்கும். அந்த அமைப்பின் இயல்பான அதிர்வெண், எஞ்சின் ஓடும் வேகத்துக்குக் கீழே அமையும்படி கணக்கிட்டார்கள். ஆகவே எஞ்சினைக் கிளப்பும்போதும் அணைக்கும்போதும் மட்டும், அந்த அதிர்வெண்ணோடு ஒத்து அதிர்வு பெருகும் ஆபத்தான வேகத்தைக் கடந்தாக வேண்டும். வீட்டுக்கு வீடு எஞ்சினை அணைத்துக் கிளப்பும் டெலிவரி வேனுக்கு அது நாள் முழுவதும் நேர்கிறது.

ஸ்பிரிங் களைத்துவிட்டால் எஞ்சினை அணைக்கும்போது உலோகம் தட்டும் சத்தம் வரும். கியர்பாக்ஸை இறக்கியபின் மெக்கானிக் வெளிப் பாதியைக் கையால் இடமும் வலமும் திருப்பி ஆட்டத்தைப் பார்ப்பார். விளிம்பில் கிரீஸ் கசிந்திருக்கிறதா, முகத்தில் சூட்டால் வந்த நீலத் திட்டு உண்டா என்றும் பார்ப்பார். இந்த இரட்டை நிறை ஃப்ளைவீலை லேத்தில் ஏற்றத் தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை. கெட்டால் மாற்றத்தான் வேண்டும். கூலியில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றவே போவதால், பிளேட், பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நான்கையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது வழக்கமானது.

செலவுக்கு அஞ்சியவர்களுக்காகப் பழையபடி ஒற்றைத் துண்டு ஃப்ளைவீலுக்கே திரும்பும் செட்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றை விற்கும் நிறுவனங்களில் வாலியோவும் ஒன்று. அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்குகள் இதில் கிளட்ச் பிளேட்டுக்குள் இருக்கின்றன. ஆனால் அங்கே இடம் குறைவு; அதிர்வில் ஒரு பங்கு கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேர்கிறது. செட்டின் விலை குறைவு, தேய்ந்தால் சீவி எடுக்கலாம் என்பதால் உரிமையாளருக்கு லாபம். சத்தத்தையும் நடுக்கத்தையும் சகித்துக்கொள்வது ஓட்டுநர்.