ஒரு பைசா சங்கதி

மின்சார பில்லைப் பார்த்து வைதவர்கள் நம்மில் அநேகர். அந்த விலையை நிர்ணயித்தது யார் என்று கேட்டவர்கள் குறைவு. நானும் கேட்டவனில்லை. கேட்க வைத்தது பெருமாநல்லூரில் நிற்கும் ஒரு நினைவுத்தூண்.

திருப்பூருக்கு வடக்கே, கோபி போகும் சாலையில் இருக்கிறது பெருமாநல்லூர். அந்தப் பக்கத்தில் என் சிற்றப்பா பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பத்துப் பவர் டேபிள், ஒரு கட்டிங் மேஜை, ஓயாமல் பாடும் ஒரு ரேடியோ, அவ்வளவுதான். அவரைப் பார்க்கப் போன ஒரு ஜூன் மாதத்தில் தூணுக்கு மாலை போட்டிருந்தார்கள். டீக் கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் விசாரித்தேன்.

"கரண்ட்டுல ஒரு பைசாக் கொறைக்கச் சொல்லிப் போனவங்க தம்பி. சுட்டுப் போட்டாங்க. மூணு பேரு."

"ஒரு பைசாவுக்கா?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நூறடிக் கெணத்துல மோட்டார் ஓட்டிப் பாத்திருந்தீங்கன்னா இப்படிக் கேக்க மாட்டீங்க" என்றார். டீ எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அது 1970-ஆம் வருஷம், ஜூன் 19-ஆம் தேதி. விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் உயர்த்தியிருந்தார்கள். உயர்த்தியதில் யூனிட்டுக்கு ஒரு பைசாவையாவது குறையுங்கள் என்று கேட்டுச் சாலைக்கு வந்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் மாண்டார்கள்.

கொங்கு நாட்டில் மின்சாரம் என்பது விளக்குச் சமாசாரம் அல்ல, தண்ணீர்ச் சமாசாரம். 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் கோயமுத்தூர் ஜில்லாவின் தலையெழுத்தே மாறிற்று. நூற்பு மில்கள் வரிசையாக எழுந்தன. மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணற்று மேட்டில் மோட்டார் வந்து உட்கார்ந்தது. கையால் சுற்றிய பின்னல் யந்திரங்களும் பின்னால் கரண்ட்டுக்கு மாறின. பருத்தி விளைந்த கிணறு, நூல் நூற்ற மில், பனியன் பின்னிய பட்டறை எல்லாம் மின்சாரத்தை நம்பி வாழ ஆரம்பித்தன. தேவை பெருகிற்று. 1950-களில் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா தேசம் கைகொடுக்க, குந்தாவில் அணைகளும் மின் நிலையங்களும் எழுந்தன.

ஆக, வெளிநாட்டார் நமக்கு முதலில் தந்தது யந்திரம். அதிலிருந்து வரும் மின்சாரத்துக்கு விலை வைக்கும் முறையைப் பற்றி அன்று ஒருவரும் பேசவில்லை. 1948-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி மாகாணந்தோறும் மின்சார போர்டு ஏற்பட்டது. நம் சென்னை ராஜ்யத்தில் 1957 ஜூலையில் பிறந்தது. விற்பதும் போர்டு, விலை சொல்வதும் போர்டு, பின்னால் நின்று தலையசைப்பது சர்க்கார். வாங்குகிறவன் சொல்வதைக் கேட்க ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. நாற்காலி இல்லாத இடத்தில் ஜனங்கள் சாலையில்தானே நிற்க வேண்டும்? 1972-ல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் கோவை நகருக்குள் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திய கதையை இன்றும் அங்கே சொல்லிக் கேட்கலாம்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 1907-லேயே விஸ்கான்சின், நியூயார்க் ராஜ்யங்கள், மின்சாரக் கம்பெனியும் வேண்டாம், மந்திரியும் வேண்டாம், நடுவில் ஒரு கமிஷன் உட்கார்ந்து இரு தரப்பையும் கேட்டு விலை சொல்லட்டும் என்று சட்டம் செய்தன. இங்கிலாந்தில் 1989-ல் மின்சாரத்தைத் தனியாருக்கு விற்கச் சட்டம் செய்தபோது அங்கும் ஓர் ஒழுங்கு அதிகாரி வந்தார். நமக்கு அந்த யோசனை வந்த வழிதான் விசித்திரமானது. 1990-களில் நம் போர்டுகள் கடனில் மூழ்கிக்கிடந்தன. விலை விஷயத்தில் ஒளிவுமறைவற்ற ஒழுங்குமுறைக்கு ஒப்புக்கொள்ளும் தேசங்களுக்கே மின்சாரக் கடன் என்று 1993-ல் உலக வங்கி சொல்லிவிட்டது. முதலில் ஒப்புக்கொண்டது ஒரிஸ்ஸா. பிரிட்டிஷ் சர்க்காரின் உதவியும் வெளிநாட்டு ஆலோசகர்களும் வந்தார்கள். 1996-ல் இந்தியாவின் முதல் மின்சார ஒழுங்குமுறைக் கமிஷன் அங்கே வேலை தொடங்கிற்று.

மருந்தோடு வந்த பத்தியம் ஒரிஸ்ஸாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்ல வேண்டும். விநியோகத்தை வாங்கிய அமெரிக்கக் கம்பெனி, 1999-ன் பெரும் புயலுக்குப் பிறகு 2001-ல் மூட்டையைக் கட்டிற்று. மற்றொரு கம்பெனியின் லைசென்சுகளை 2015-ல் கமிஷனே ரத்து செய்தது. ஆனாலும் கமிஷன் என்ற ஏற்பாடு மட்டும் நிலைத்துவிட்டது. 1998-ல் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. 1999-ல் தமிழ்நாட்டில் கமிஷன் அமைந்தது. அதன் முதல் கட்டண உத்தரவு 2003 மார்ச்சில் வந்தது. அதே வருஷத்து மின்சாரச் சட்டம், கட்டண மனுவைப் பத்திரிகையில் வெளியிட்டு ஜனங்களின் ஆட்சேபங்களைக் கேட்டபிறகே விலை வைக்க வேண்டும் என்று விதித்தது. பெருமாநல்லூரில் மூன்று பேர் உயிர் கொடுத்துக் கேட்ட ஒன்று, முப்பது வருஷம் கழித்து, கடன் கொடுத்தவன் போட்ட நிபந்தனையாக நம்மிடம் வந்து சேர்ந்தது. இதற்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அண்டை தேசங்களிலும் இதே காற்று அடித்தது. 1999-ல் தெற்காசிய ஒழுங்குமுறைக் கமிஷன்கள் ஒன்றுகூடிக் கற்றுக்கொள்ள ஒரு சபையே ஏற்பட்டது. ஆனால் கடன் கொடுப்பவர் போடும் நிபந்தனை எப்போதும் ஒரே பக்கம் சாய்வதில்லை. இலங்கை நொடித்துப் போய் 2023-ல் சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் வாங்கியபோது, செலவுக்கு ஏற்ற மின்கட்டணம் என்பது ஒரு நிபந்தனை. கட்டண உயர்வை எதிர்த்துவந்த கமிஷன் தலைவரை, அவர்மீது குற்றச்சாட்டுகளை அடுக்கி, அவ்வருஷம் மே மாதத்தில் பார்லிமெண்டே ஓட்டுப் போட்டு நீக்கிற்று. நாற்காலி போட்டாகிவிட்டது, அதில் உட்கார்ந்தவர் எழுந்து போக வேண்டியதாயிற்று!

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2022 ஆகஸ்டில் கோவையில் கமிஷன் ஜனங்களின் கருத்தைக் கேட்டது. சிற்றப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மில்காரர், விசைத்தறிக்காரர், வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். சிற்றப்பா காகிதத்தைப் பார்த்து வாசித்தார். ஆர்டர் இல்லாத மாதத்திலும் நிலைக்கட்டணம் கட்ட வேண்டியிருப்பதையும், தையல் மும்முரமாக நடக்கும் நேரத்தையே உச்ச நேரம் என்று சொல்லி அதிகக் கட்டணம் போட்டால் கூலி வேலைக்காரன் எங்கே போவான் என்பதையும் சொன்னார். கை நடுங்கிற்று, குரல் நடுங்கவில்லை. சட்டம் தெரிந்த உறுப்பினர் இல்லாத கமிஷன் உத்தரவு போடக் கூடாது என்று நூற்பு மில்காரர் சங்கம் ஹைகோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிற்று. பிறகு தடை நீங்கிற்று. செப்டம்பர் 9-ஆம் தேதி உத்தரவு வந்தது. கட்டணம் ஏறிற்று. அடுத்த வருஷம் செப்டம்பரில் சிறு தொழில்காரர்கள் ஒருநாள் கதவடைத்தார்கள். உச்ச நேரக் கட்டணத்தில் சற்றுக் குறைந்தது.

அந்த உத்தரவிலேயே இன்னொன்றும் இருந்தது. ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணம் ஏறும். 2024-ல் 4.83 சதவீதம், 2025-ல் 3.16 சதவீதம் ஏறிற்று.

"கணக்குப் போட்டுத் தானா ஏறுதுன்னா, நாம யார்கிட்டப் போயிப் பேசறது?" என்று சிற்றப்பா கேட்டார்.

அந்த ஏற்பாடு 2026-27 வரைக்கும்தான், பிறகு புது மனு வரும், மறுபடியும் கூப்பிடுவார்கள் என்றேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து, கோவையில் வாசித்த காகிதத்தின் நகலை எடுத்துக் காட்டினார்.

"தேதிய மட்டும் மாத்திக்கலாம்" என்றார்.