வில்வண்டியிலிருந்து குட்டியானை வரை: ஒரு பட்டையின் கதை

இன்னைக்கு எபிசோடை உங்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்து ஆரம்பிக்கிறேன்.

அடுத்த தடவை தி. நகர் போனா, ரங்கநாதன் தெருவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி உஸ்மான் ரோட்டுல ஒரு நிமிஷம் நில்லுங்க. துணி மூட்டையோ பாத்திரமோ இறக்கறதுக்கு ஒரு குட்டியானை கண்டிப்பா நிக்கும். அதோட பின் சக்கரத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. வில் மாதிரி வளைஞ்ச இரும்புப் பட்டைகள், ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கி, நடுவுல யூ போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அதுதான் பட்டை ஸ்பிரிங். சில வண்டிகள்ல ஒரு பட்டை மட்டும் மத்ததோட ஒட்டாம, வேற நிறத்துல, வேற தடிமன்ல இருக்கும். கம்பெனி கொடுத்தது இல்லை அது. வண்டிக்காரர் காசு கொடுத்துப் பட்டறையில போட்டது.

ஏன் போட்டார்? "நிறைய லோடு ஏத்தத்தான்"னு சொல்லிடலாம். பதில் சரிதான். ஆனா அந்தப் பட்டைக்குப் பின்னாடி இருநூறு வருஷக் கதை இருக்கு. அந்தக் கதை முழுக்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது: குலுங்காம போகிற சொகுசு யாருக்கு?

கட்டை வண்டியும் வில்வண்டியும்

நம்ம ஊர்ல மோட்டார் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வகை மாட்டு வண்டி இருந்தது. ஒண்ணு கட்டை வண்டி. அச்சு மேலேயே வண்டியின் உடம்பு உட்கார்ந்திருக்கும். ரோட்டுல கல் தட்டினா அந்த அடி அப்படியே மேலே வரும். நெல் மூட்டைக்கு வலிக்காது, அதனால யாரும் கவலைப்படலை.

இன்னொண்ணு வில்வண்டி. அச்சுக்கும் வண்டிக்கும் நடுவுல பட்டை ஸ்பிரிங். பெயரைக் கவனிங்க. ஸ்பிரிங் என்ற சொல்லுக்கு நம்ம ஆட்கள் புதுசா எதையும் தேடலை. வளையும், திரும்ப நிமிரும், அது வில்தானே? பெயர் வெச்சாச்சு. மிராசுதார், வீட்டுப் பெண்கள், கல்யாண மாப்பிள்ளைன்னு ஆட்கள் போறதுக்கு வில்வண்டி. சரக்குக்குக் கட்டை வண்டி. யாருக்குக் குலுங்கலாம், யாருக்குக் குலுங்கக் கூடாதுங்கறது வண்டியிலேயே எழுதியிருந்தது.

மெட்ராஸ்ல இதோட நகரத்து வடிவம்தான் குதிரை வண்டிகள். வசதியானவங்களுக்குக் கோச் வண்டி. மத்தவங்களுக்கு ஜட்கா. அதுலயும் வில் உண்டு, ஆனா அந்தச் சொல்லுக்கே உருதுல 'வெடுக்குனு ஒரு குலுக்கல்'னுதான் அர்த்தம்!

மவுண்ட் ரோட்டுல ஒரு கோச் பட்டறை

இந்த வில் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவுல ரொம்ப நாள் கோச் வண்டியைத் தோல் வார்ல தொங்கவிட்டிருந்தாங்க. எஃகுப் பட்டைகளும் மெல்ல மெல்ல வந்தன. 1804ல் லண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட் என்ற கோச் தயாரிப்பாளர் நீள்வட்ட வடிவ ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். ரெண்டு வில்லை எதிரெதிரா கவிழ்த்துச் சேர்த்தா ஒரு கண் வடிவம் வருமில்லையா, அதுதான். வண்டிக்கு அடியில முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்கிற கனமான உத்தரம் இனி தேவையில்லைன்னு ஆச்சு. வண்டி லேசாச்சு, தாழ்வாச்சு.

அந்தத் தொழில் மெட்ராஸ்ல வேர் பிடிச்ச இடம் மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை. 1840ல் சிம்ப்சன் கம்பெனி இங்கே ஒரு கோச் தயாரிப்பு நிறுவனமாகத்தான் தொடங்கியது. இன்னைக்கும் அந்த பஸ் ஸ்டாப்புக்குப் பெயர் சிம்ப்சன்தான். மரவேலை, தோல்வேலை, கொல்லுவேலை மூணும் ஒரே கூரைக்குக் கீழே. அதே கம்பெனியில வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903ல் நீராவியில ஓடுகிற ஒரு கார் செய்தார். இந்தியாவுல கட்டின முதல் நீராவி கார்னு சென்னை வரலாறு எழுதினவங்க அதைச் சொல்றாங்க. பின்னாடி பஸ் பாடி, டீசல் எஞ்சின், எஸ். அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம்னு அது பெருசா வளர்ந்தது வேற கதை.

இங்கே நமக்கு வேண்டியது ஒரு விஷயம்தான். குதிரை போயி எஞ்சின் வந்தது. ஆனா வண்டிக்கு அடியில இருந்த பட்டை அப்படியே தொடர்ந்தது. கோச் வண்டிக்குப் பட்டை அடிச்ச கைவேலை மோட்டார் யுகத்துக்கும் உபயோகப்பட்டது.

ஒரு குட்டித் தகவல்: மெட்ராஸ் நகரத்துல எம்.சி. 1 என்ற முதல் பதிவு எண் கிடைச்ச காரின் சொந்தக்காரர் துறைமுகத் தலைவரா இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். நம்புங்க, அவர் பெயரே ஸ்பிரிங்தான்!

1893: வில்லில் ஏறிய ஒருவர்

வில்லுல யார் உட்காரலாம்ங்கற கேள்வி எவ்வளவு பெருசுன்னு புரியணும்னா, கொஞ்ச நேரம் மெட்ராஸை விட்டுத் தெற்கே போகணும்.

திருவிதாங்கூர் சமஸ்தானம். நம்ம கன்னியாகுமரி மாவட்டமும் அப்போ அதுலதான் இருந்தது. புலையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர் பொதுச்சாலையில நடக்கவே முடியாத காலம். வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி புலையர் சமூகத்தில் பிறந்தவர். 1893ல் அவர் ஒரு வில்வண்டி வாங்கி, ரெண்டு காளையைப் பூட்டி, அந்தச் சாலையிலேயே ஓட்டிப் போனார். எதிர்ப்பு வந்தது. அவர் இறங்கவில்லை. கேரள வரலாற்றில் அதற்குப் பெயரே 'வில்லுவண்டி யாத்திரை'.

அவர் நடந்தே போயிருக்கலாம். கட்டை வண்டியிலயும் போயிருக்கலாம். வில்வண்டியில போனார். மூட்டை போற வண்டியில மூட்டையோட மூட்டையா போகாம, மனுஷங்க போற வண்டியில மனுஷனா போனார். அந்த நாலஞ்சு இரும்புப் பட்டைக்குள்ள அவ்வளவு பெரிய விஷயம் அடங்கியிருந்தது.

கார் விட்டது, லோடு வண்டி பிடிச்சுக்கிட்டது

இப்போ இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம், நம்ம ஊருக்கும் திரும்புவோம். எண்ணூர்ல 1948ல் தொடங்கின அசோக் மோட்டார்ஸ், 1955ல் அசோக் லேலண்ட் ஆச்சு. அதன் லாரி, பஸ் எல்லாம் பட்டை மேலதான் ஓடின. வண்டலூர்ல தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பின்பக்கம் ஒரே ஒரு பட்டைக் கட்டு, அதுவும் குறுக்கு வாட்டுல. 1958 முதல் 2014 வரைக்கும் தயாரான அம்பாசடருக்கும் பின்னாடி பட்டைதான். ஏழு பேரை ஏத்திக்கிட்டு, மேல பெட்டியையும் கட்டிக்கிட்டு அது திருப்பதி போய் வந்ததுன்னா, பெருமையில பாதி அந்தப் பட்டைக்கு.

அப்புறம் கார்களில் சுருள் ஸ்பிரிங் வந்தது. மிருதுவா இருக்கும், எடை குறைவு. கார்கள் பட்டையைக் கைவிட்டன. லோடு வண்டிகள் விடலை. காரணம் இருக்கு. சுருள் ஸ்பிரிங் அடியை மட்டும்தான் வாங்கும். அச்சை முன்னே பின்னே நகராம பிடிச்சு வைக்கத் தனியா கைகள் வேணும். பட்டை அந்த ரெண்டு வேலையையும் தானே செய்யும். எடையை சேஸிஸில் ஒரே இடத்துல குத்தாம, முன்னும் பின்னும் ரெண்டு இடத்துல பிரிச்சு இறக்கும். வளையும்போது பட்டைகள் ஒண்ணோடொண்ணு உரசுது இல்லையா, அந்த உராய்வே துள்ளலைக் கொஞ்சம் அடக்கும். முக்கியமா, ஒரு பட்டை உடைஞ்சா அந்த ஒண்ணை மட்டும் மாத்தலாம்.

2005ல் டாடா ஏஸ் வந்தது. வடக்கே 'சோட்டா ஹாத்தி', நமக்குக் குட்டியானை. முக்கால் டன் லோடு, சின்ன சந்துலயும் திரும்பும். லாரி நுழையாத தி. நகர் தெருவுக்கும், மயிலாப்பூர் மாட வீதிக்கும், அடையாறு அபார்ட்மென்ட் வாசலுக்கும் சரக்கு வர ஆரம்பிச்சது. கூலிக்கு ஓட்டிக்கிட்டிருந்த எத்தனையோ பேர் கடன்ல சொந்தமா வண்டி வாங்கினாங்க. பட்டறைகளுக்கும் புது வேலை வந்தது.

ஒரு பட்டை கூடினா என்ன ஆகும்?

அந்தப் பட்டறைகளைப் பார்க்கணும்னா கூவம் கரையில இருக்கிற புதுப்பேட்டைக்குப் போங்க. பழைய வண்டியைப் பிரிச்சு விக்கிறதுல பேர் போன இடம். எல்லாத்துக்கும் நீளமா, ரெண்டு முனையிலயும் வளையம் வெச்சது மெயின் பட்டை. அதுக்குக் கீழே வரவர நீளம் குறையும். வளைவு தளர்ந்து தட்டையானதை அடிச்சு மறுபடி வளைவு ஏத்துவாங்க. வேலைக்கே ஆகாத லாரிப் பட்டை அரிவாளாகவும் ஆகும். நல்ல எஃகாச்சே, விடுவாங்களா?

இப்போ கணக்குக்கு வருவோம். ஒரே அளவுள்ள அஞ்சு பட்டைக்கு ஆறாவதா ஒண்ணு சேர்த்தா, விறைப்பு தோராயமா அஞ்சுல ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம் கூடும். எண்ணிக்கையைக் கூட்டாம, எல்லாப் பட்டையையும் 10 சதவீதம் மட்டும் தடிமனாக்கினா? விறைப்பு 33 சதவீதம் கூடும். ஏன்னா விறைப்பு தடிமனோட மும்மடிக்கு ஏத்த மாதிரி ஏறும்: 1.1 × 1.1 × 1.1 = 1.331. அதனாலதான் 'கொஞ்சம் தடியா போடுங்க'ங்கறது உண்மையில கொஞ்சம் இல்லை.

லோடு ஏத்தினா பின்பக்கம் இப்போ தொங்காது. பார்க்க வண்டி பலமாயிட்ட மாதிரி இருக்கும். ஆனா மாறினது பட்டை மட்டும்தான். அச்சு அதே அச்சு. பிரேக் அதே பிரேக். டயர், சேஸிஸ் எல்லாம் அதேதான். முன்னாடி பட்டை தொங்கி 'போதும்'னு சொன்னது. இப்போ சொல்ல ஆளில்லை.

இன்னொரு நுட்பமான ஆபத்தும் உண்டு. சில லோடு வண்டிகள்ல பின்பக்கம் எவ்வளவு தாழுதுன்னு பார்த்து, பின் பிரேக்குக்குப் போற அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு வால்வு இருக்கும். விறைப்பான பட்டை போட்டா, முழு லோடு இருந்தாலும் பின்பக்கம் தாழாது. வண்டி காலின்னு நினைச்சு வால்வு பின் பிரேக்கைக் குறைச்சுடும். எப்போ அதிகமா பிரேக் வேணுமோ, அப்போ குறைவா கிடைக்கும்.

லோடை இறக்கிட்டுக் காலியா திரும்பும்போது வேற பிரச்சினை. விறைப்பான பட்டை வளையாது, பின்பக்கம் துள்ளும். ஒவ்வொரு வேகத்தடையும் டிரைவரோட முதுகுக்கு வரும். நாள் முழுக்க வாங்குற அதிர்வுக்கும் டிரைவர்களின் இடுப்பு வலிக்கும் இருக்கிற தொடர்பு மருத்துவத்துல நல்லாத் தெரிஞ்ச விஷயம்.

இதுக்கு நடுவழி ஒண்ணு இருக்கு: ஹெல்பர் பட்டை. சாதாரணமா அது வேலை செய்யாது. லோடு ஏறி வண்டி ஒரு அளவுக்குத் தாழ்ந்த பிறகுதான் தொட்டுத் தாங்கும். காலி வண்டி மிருதுவா இருக்கும், அனுமதிச்ச லோடுல நிமிர்ந்தும் நிக்கும். ஆனா எந்தப் பட்டையைப் போட்டாலும் ஆர்.சி. புக்குல இருக்கிற எடை ஒரு கிலோகூடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தறதைக் கட்டுப்படுத்துது. 194வது பிரிவுப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம். அதுக்கு மேல ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய்.

மறுபடி அந்தக் கேள்வி

அப்புறமும் ஏன் போடறாங்க? வாடகை நடைக்குத்தானே. ரெண்டு நடையில கொண்டு வர வேண்டிய சரக்கை ஒரே நடையில கொண்டு வரச் சொன்னா, 'முடியாது'ன்னு சொல்ற டிரைவருக்கு அடுத்த நடை கிடைக்கிறது கஷ்டம். மாசக் கடன் நிக்காது. அதனால முடியாதுன்னு சொல்றதுக்குப் பதிலா ஒரு பட்டையைக் கூட்டறார். வாடகையில விழுந்த பள்ளத்தை இரும்பை வெச்சு நிரப்பறார். மிச்சமாகிற ஒரு நடை யாருக்கு லாபம்? சரக்கு அனுப்பினவருக்கும், வீட்டு வாசல்ல 'சீக்கிரம் வரலையே'ன்னு காத்திருக்கிற நமக்கும். அபராதமும் இடுப்பு வலியும் அவருக்கு.

வில்வண்டியில வில் மனுஷனுக்காக இருந்தது. குட்டியானையில அது சரக்குக்காக இருக்கு. ஓட்டுற மனுஷன் திரும்பக் கட்டை வண்டிக்கே போயிட்டார்.

அதனால வீடு மாத்தும்போது 'எல்லாத்தையும் ஒரே நடையில அடைச்சுடுங்கண்ணா'ன்னு சொல்ல வாய் வந்தா, ஒரு தடவை குனிஞ்சு அந்தப் பட்டையைப் பாருங்க. வளைவு போயி நேராகியிருந்தா, ரெண்டாவது நடைக்கும் வாடகை பேசிடுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.