கையால் மீட்டமைக்கும் மின்காந்தப் பாதுகாப்பு வால்வு

எரிவாயு அடுப்பிலோ வெந்நீர்க் கருவியிலோ சுடர் அணைந்துபோனால், வாயு வரும் வழியைத் தானாகவே அடைத்துவிடும் சிறு கருவி மின்காந்தப் பாதுகாப்பு வால்வு ஆகும். மூடிக்கொள்ள அதற்கு யாருடைய உதவியும் வேண்டாம். மீண்டும் திறக்க மட்டும் ஒருவர் வந்து குமிழை அழுத்தியாக வேண்டும். மின் இணைப்போ மின்கலமோ இல்லாமல், எந்தச் சுடரைக் கண்காணிக்கிறதோ அந்தச் சுடரிடமிருந்தே இது ஆற்றலைப் பெறுகிறது.

வாயு விளக்கும் அதன் ஆபத்தும்

1807-இல் லண்டனின் பால் மால் தெருவில் ஃபிரெடரிக் வின்சர் வாயு விளக்குகளை ஏற்றிக் காட்டினார். 1812-இல் அந்நகருக்கு வாயு வழங்க ஒரு நிறுவனம் அரச சாசனம் பெற்றது. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூடாக்கிப் பெற்ற அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடும் கலந்திருந்தது. ஆகவே எரியாமல் கசிந்த வாயு வெடிக்கக் கூடியது மட்டுமல்ல, சுவாசித்தவரைக் கொல்லக் கூடியதும்கூட.

1868-இல் லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் வாயுவால் தண்ணீரைச் சூடாக்கும் கருவியை உருவாக்கினார். ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றை நினைவூட்டும் வகையில் அதற்கு 'கீசர்' என்று பெயர் வந்தது. நம் வீடுகளில் இன்று மின்சாரத்தால் இயங்கும் கருவிக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனின் தொழிலாளர் குடியிருப்புகளில் நாணய மீட்டர்கள் வந்தன. ஒரு பென்னி போட்டால் அந்தக் காசுக்குரிய அளவு வாயு வரும். ஏழைகளின் வீட்டுக்கும் வாயு வந்தது இதனால்தான். ஆனால் இந்த ஏற்பாட்டில் கொடிய ஓட்டை ஒன்று இருந்தது. இரவில் காசுக்குரிய வாயு தீர்ந்ததும் அறையில் எரிந்துகொண்டிருந்த சுடர் அணைந்துவிடும். குழாயோ திறந்தே கிடக்கும். அதை அறியாமல் வீட்டில் வேறொருவர் அடுத்த நாணயத்தைப் போட்டால், தூங்குபவரின் அறைக்குள் எரியாத வாயு பாயும். யாரும் அலட்சியமாக இல்லாமலே மரணம் நேரக்கூடிய நிலை இது. வாயு நின்று மீண்டும் வருவதுதான் உண்மையான ஆபத்து என்பதை நாணய மீட்டர் தெளிவாகக் காட்டியது.

முதலில் ஈருலோகப் பட்டையைக் கொண்டு இதைத் தடுக்க முயன்றனர். சூட்டில் வளைந்து வால்வைத் திறக்கும். ஆறினால் நிமிர்ந்து மூடும். நல்ல யோசனைதான். ஆயினும் அடிக்கடி சூடாகி ஆறும் உலோகம் நாளடைவில் தளர்ந்துவிடும். வளைந்தபடியே நின்றுவிட்டால் வால்வும் திறந்தபடியே நிற்கும்.

மூன்று கண்டுபிடிப்புகள்

1820-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டார். அடுத்த ஆண்டு தாமஸ் சீபெக், செம்பும் பிஸ்மத்தும் இணைந்த வளையத்தில் ஒரு சந்தியை மட்டும் சூடாக்கியபோதும் காந்த ஊசி திரும்பியது. வெப்பமே காந்தத்தை உண்டாக்குகிறது என்று சீபெக் முடிவு செய்தார். வளையத்தில் மின்னோட்டம் பாய்கிறது என்ற சரியான விளக்கத்தைத் தந்து, அதற்கு 'வெப்ப மின்சாரம்' என்று பெயரிட்டவர் ஓர்ஸ்டெட். ஆனாலும் அந்த விளைவு இன்றும் சீபெக்கின் பெயரில்தான் பாடநூல்களில் இருக்கிறது. 1825-இல், செருப்புத் தைப்பவரின் மகனும் முன்னாள் படைவீரருமான வில்லியம் ஸ்டர்ஜன் இங்கிலாந்தில் மின்காந்தத்தைச் செய்து காட்டினார்.

வால்வுக்கு வேண்டிய அறிவியல் இந்த ஐந்தாறு ஆண்டுகளிலேயே கிடைத்துவிட்டது. வீடுகளில் அது பயன்பாட்டுக்கு வர 20-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இயங்கும் முறை

சுடரில் படும்படி வெப்ப மின்னிரட்டையின் நுனி வைக்கப்படுகிறது. அது தருவது ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிவோல்ட்தான். சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரியின் மின்னழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. எனவே மின்தடை மிகக் குறைந்த தடித்த கம்பியால் காந்தச் சுருள் செய்யப்படுகிறது.

இவ்வளவு சிறிய மின்சாரத்தால், எதிரே சற்றுத் தள்ளி நிற்கும் இரும்புத் தகட்டைச் சுருள்வில்லின் விசையை மீறி இழுக்க முடியாது. இடைவெளி கூடினால் காந்த விசை வேகமாகக் குறையும். ஆனால் தகட்டைக் கொண்டுவந்து காந்தத்தோடு ஒட்ட வைத்துவிட்டால், விடாமல் பிடித்துக்கொள்ள அது போதும். ஒட்ட வைக்கும் அந்த வேலையைத்தான் குமிழை அழுத்தும் கை செய்கிறது. சுடரைப் பற்றவைத்துச் சில நொடிகள் அழுத்திப் பிடித்திருந்தால் நுனி சூடேறிவிடும். பிறகு கையை எடுக்கலாம். சுடர் அணைந்தால் நுனி ஆறும், காந்தம் வலுவிழக்கும், சுருள்வில் வால்வை அடைத்துவிடும். இதற்குச் சற்று நேரம் பிடிக்கும் என்பது இதன் குறை.

காந்தத்தின் இந்தப் பலவீனமே இங்கே பாதுகாப்பாகிறது. நின்றுபோன வாயு திரும்ப வந்தாலும் வால்வு தானாகத் திறக்காது. மின்னிரட்டை கருகினாலோ, கம்பி அறுந்தாலோ, இணைப்பு தளர்ந்தாலோ மின்னோட்டம் நிற்கும். அப்போதும் வால்வு மூடிக்கொள்ளும். ஈருலோகப் பட்டையைவிட இது மேலானதாக இருப்பது இந்த இடத்தில்தான். பைலட் சுடர் கொண்ட பெரிய கருவிகள் பலவற்றில், குமிழ் அழுந்தியிருக்கும்வரை பைலட்டுக்கு மட்டுமே வாயு செல்லும். பெரிய பர்னருக்கான வழி அடைபட்டிருக்கும். குமிழை நிரந்தரமாக அழுத்திக் கட்டிவைக்கும் குறுக்குவழி அங்கே பலிக்காது.

பழைய கைப்பிடி மோட்டார் ஸ்டார்ட்டர்களில் இருந்த 'நோ-வோல்ட் காயில்' இதற்கு உறவுக்காரர். மின்சாரம் போனால் கைப்பிடி விடுபட்டுவிடும். வந்ததும் ஆள் போய்த்தான் மீண்டும் தள்ள வேண்டும். ஜப்பானிய வீடுகளின் வாயு மீட்டர்கள் பலமான நிலநடுக்கத்தில் வாயுவை நிறுத்திவிடுகின்றன. வீட்டுக்காரர் பொத்தானை அழுத்திய பிறகு, ஏறத்தாழ 3 நிமிடம் கசிவு உண்டா என்று சோதித்தே அவை வாயுவை விடுகின்றன.

1967-க்கும் 1977-க்கும் இடையில் பிரிட்டன் இயற்கை வாயுவுக்கு மாறியபோது, குழாயில் வந்த கார்பன் மோனாக்சைடு ஒழிந்தது. வெடிக்கும் ஆபத்து ஒழியவில்லை. நம் சமையலறை சிலிண்டரில் உள்ள எல்பிஜி காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு தேங்கும். பால் பொங்கி அடுப்பை அணைப்பது அன்றாடம் நடப்பதுதான். ஆயினும் இந்தியாவில் விற்கும் சாதாரண மேசை அடுப்புகள் பலவற்றில் இந்த வால்வு கிடையாது. மேடையில் பதிக்கும் 'ஹாப்' வகை அடுப்புகள் சிலவற்றில் உண்டு. அவற்றின் பர்னர் அருகே இரண்டு சிறு முனைகள் தெரியும்: வெள்ளைப் பீங்கான் சூழ்ந்தது தீப்பொறி தருவது, வெறும் உலோகமாக நிற்பது வெப்ப மின்னிரட்டை.