தொலைஞ்சவங்களைக் கண்டுபிடிச்ச எரர் மெசேஜ்

எங்க கூரத்துலேர்ந்து காஞ்சிபுரம் ரொம்பப் பக்கம். 2019-ல அத்திவரதர் 48 நாள் தரிசனம் கொடுத்தப்போ மொத்த ஜனமும் அங்கதான். இந்த மாதிரி கூட்டத்துல குழந்தை தொலைஞ்சா மைக்ல அறிவிப்பாங்க. குழந்தை தன் பேரையும் ஊரையும் சொல்லிட்டா பிரச்சினை இல்ல. பேச்சே சரியா வராத பையன்னா? ஞாபகம் தப்பிப்போன தாத்தான்னா?

பேருக்குப் பதிலா கண்ணைக் கேட்கலாம்னு நிரூபிச்ச பிரபலமான கதை, ஒரு அகதிப் பொண்ணோடது. 1984-ல பெஷாவர் பக்கத்து முகாம்ல ஸ்டீவ் மெக்கரி ஒரு ஆப்கன் சிறுமியைப் படம் எடுத்தார். அடுத்த வருஷம் அது நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டைப்படம். உலகமே பார்த்த முகம், ஆனா பேரு என்னன்னு எடுத்தவருக்கே தெரியாது. 2002-ல தேடிப் போனப்போ ஷர்பத் குலா கிடைச்சாங்க. அவங்கதானான்னு எப்படி உறுதி பண்றது?

கேம்பிரிட்ஜ்ல ஜான் டாக்மன், ரெண்டு காலத்துப் படத்துலயும் இருந்த கருவிழியை ஒப்பிட்டார். கருவிழின்னா பாப்பாவைச் சுத்தி நிறமா இருக்கிற வளையம். அதுல இருக்கிற இழை வடிவம் கருவுலயே உருவாகுது. ஒரே ஆளோட ரெண்டு கண்ணுக்கும்கூட ஒண்ணா இருக்காது. டாக்மனோட அல்காரிதம் அதை 2048 பிட்டா மாத்தும். சம்பந்தமில்லாத ரெண்டு கண்ணுன்னா ஏறக்குறைய பாதி பிட் வேறுபடும், காசு சுண்டிப்போட்ட மாதிரி. ஷர்பத் குலாவுக்கு வேறுபாடு இடது கண்ணுல 0.24, வலதுல 0.31. அவங்களேதான். இத்தனைக்கும் அது சாதாரண ஃபிலிம் போட்டோ, ஸ்கேன்கூட இல்ல.

இந்தியாவுல 2010-ல ஆதார் வந்தப்போ பத்து விரல், முகத்தோட ரெண்டு கருவிழியையும் எடுத்தாங்க. நோக்கம் ஆளைத் தேடுறது இல்ல. ஒருத்தர் ரெண்டு நம்பர் வாங்கிடக் கூடாது, அவ்வளவுதான். ஆனா பாருங்க, 2011-ல நாக்பூர் ரயில் நிலையத்துல, சரியாப் பேச வராத எட்டு வயசுப் பையன் ஒருத்தன் தனியா கிடைச்சான். ஒரு குடும்பம் வளர்த்துச்சு. பத்தாம் வகுப்புக்கு ஆதார் கேட்டாங்க. பதிவு பண்ணப் போனா சிஸ்டம் ஏத்துக்கல: இந்த பயோமெட்ரிக் ஏற்கெனவே இருக்கு. தொலையுறதுக்கு முன்னாடியே ஜபல்பூர்ல அவனைப் பெத்தவங்க எடுத்து வெச்சிருந்தாங்க! 2021-ல வீட்டுக்குப் போயிட்டான். நம்ம பாஷையில சொன்னா, டூப்ளிகேட் என்ட்ரி எரர்தான் அவனுக்கு வழி காட்டுச்சு.

அப்போ ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்கேனர் கொடுத்துடலாமே? 2016 ஆதார் சட்டத்தோட 29-ஆவது பிரிவு, விரல் ரேகையையும் கருவிழியையும் யார்கிட்டயும் பகிரக் கூடாதுங்குது. எனக்கு இது சரின்னுதான் படுது. தொலைஞ்ச பையனை "இவன் யாரு?"ன்னு கேட்கிற அதே மிஷின், போராட்டத்துல நிக்கிறவனையும் கேட்கும். ஆனா அதுக்கான விலையைக் கொடுக்கிறது, தன் பேரைச் சொல்ல முடியாதவங்க. காப்பகங்கள்ல இருக்கிறவங்களுக்கு ஆதார் பதிவு முகாம் நடத்துறதுதான் இப்போதைக்குச் சட்டத்துக்குள்ள இருக்கிற வழி. பெங்களூருல 2017-ல அப்படியே சிலர் குடும்பத்தோட சேர்ந்தாங்க.

இதுலயும் ஒரு ஓட்டை. 5 வயசுக்குக் கீழ கருவிழி எடுக்கிறதே இல்ல. 5-லயும் 15-லயும் நாமதான் கூட்டிட்டுப் போய் அப்டேட் பண்ணணும். வீட்டுல 5 தாண்டின வாண்டு இருந்தா, பண்ணியாச்சான்னு அக்கா, அண்ணிகிட்ட இன்னிக்கே கேட்டுடுங்க.