அராஜகம்

'அராஜகத்தைக் கண்டித்து மாபெரும் ஆர்ப்பாட்டம்' என்ற சுவரொட்டியைப் பார்த்தால், ஆள்வோர் அட்டூழியம் செய்கிறார்கள் என்றுதான் நமக்குப் புரிகிறது. சொல்லின் பிறப்போ இதற்கு நேர் எதிர். வடமொழியில் 'அ' இன்மையைக் குறிக்கும் முன்னொட்டு; 'ராஜ' என்பது அரசன். ஆக, அராஜகம் என்றால் அரசனே இல்லாத நிலை. தமிழ் ஒலிக்கேற்ப 'அராசகம்' என்றும் எழுதினார்கள்.

தசரதன் இறந்து, வாரிசு யாரும் ஊரில் இல்லாதபோது, அரசனற்ற நாடு என்னவாகும் என்று வால்மீகி ராமாயணத்தில் பெரியவர்கள் அஞ்சிப் பேசும் இடம் இந்தப் பொருளில்தான் வருகிறது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் நிலை என்று பழைய நூல்கள் இதற்கு 'மாத்ஸ்ய நியாயம்' எனப் பெயரும் வைத்தன. ஆங்கில 'அனார்க்கி'க்கு மூலமான கிரேக்கச் சொல்லும் 'தலைவன் இல்லாமை'தான்.

ஆள் இல்லாததால் வந்த கேட்டைச் சொன்ன வார்த்தை, ஆள்பவரே செய்யும் கேட்டுக்கு எப்போது தாவியது? பாதிக்கப்பட்டவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

'எவனும் வேண்டாம்' என்னும் வாக்காளனின் சலிப்புக்கு வேறு சொல் வந்துவிட்டது: நோட்டா. 2013 வரை 49 ஓ என்னும் தேர்தல் விதிப்படி வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், ரகசியம் போயிற்று. இப்போது இயந்திரத்தின் கடைசிப் பொத்தான். அதற்கே அதிக வாக்கு விழுந்தாலும், சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அடுத்து நிற்கும் வேட்பாளர் வென்றுவிடுவார். நாற்காலி மட்டும் காலியாக இருக்காது.