கொள்ளைநோய்க் காலத்துக் கடன்சுமை

2020 மார்ச் 25இல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கவே, தென்னூர்த் தெருவோர வணிகர் பலர் பிழைப்பிழந்தனர். அரிசிக் குடும்ப அட்டைக்குத் தமிழக அரசு ரூ.1,000 வழங்கியது. கடன் தவணைகளை ஆகஸ்டு 31 வரை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி இசைந்தது, வட்டியோ வளர்ந்தது. ஜூன் 1இல் நடுவணரசு ஒப்புதல் அளித்த ஸ்வநிதித் திட்டத்தில், வணிகரை இனங்கண்டு பரிந்துரைக்கும் பொறுப்பு மாநகராட்சி போன்ற உள்ளாட்சிகளுக்கு வாய்த்தது, கிடைத்ததோ ரூ.10,000 வரை மற்றொரு கடன்.

பசிக்கு ஈகையும் தொழிலுக்குக் கடனும் வந்தன. பழங்கடனில் மூழ்கியோர்க்கு வழிகாட்டுதல் முதன்மை பெறவில்லை. கந்துவட்டியைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் சந்தித்தோருள் பலர் அறியார். பஞ்சத்தில் நிலத்தை அடகுவைத்தோரின் கூக்குரலைக் கேட்ட பின்பே நெகேமியா பெரியோரைக் கடிந்துகொண்டார். நம் பணியும் அவ்வாறு செவிகொடுத்தலில் தொடங்குவதாக.