குட்டம், தொழுநோய், வெண்புள்ளி

நண்டின் காலை ஒடித்துத் தின்றவனுக்கு, அந்த வினை மறுபிறப்பில் விரல்களை அழுக வைக்கும் நோயாய் வரும் என்கிறது நாலடியார். அந்த நோய்க்கு அது சொல்லும் பெயர் தொழுநோய். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில், உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் வந்து காட்டுங்கள் என்று எழுதியிருக்கும் விளம்பரத்திலும் அதே சொல்தான். நூற்றாண்டுகள் பல கடந்தும் சொல் மாறவில்லை. அது சுட்டும் நோயைப் பற்றி நமக்குத் தெரிந்ததுதான் அடியோடு மாறியிருக்கிறது.

இந்த நோய்க்குத் தமிழில் வேறு பெயர்களும் வழங்கின. பெருநோய், பெருவியாதி, மகாரோகம் எல்லாம் பெயரைச் சொல்ல அஞ்சியவர்கள் சுற்றி வளைத்துச் சொன்னவை. மக்கள் வாயில் ஆழமாக ஊன்றியது குஷ்டம். அதன் தமிழ் வடிவம் குட்டம்.

குழப்பம் தொடங்குவது இந்தச் சொல்லில்தான். வடமொழி மருத்துவ நூல்களில் குஷ்டம் என்பது தனி நோயொன்றின் பெயர் அன்று. தோல் நோய்க் குடும்பம் ஒன்றின் பெயர். சுசுருதர் பெருங்குஷ்டம் 7, சிறுகுஷ்டம் 11 என 18 வகை சொல்கிறார். சித்த மருத்துவமும் குட்டம் 18 என்றே எண்ணுகிறது. விரலை இழக்கச் செய்யும் நோயும் படர்தாமரை போன்ற சாதாரணப் படையும் அந்த 18-க்குள் அடக்கம். வைத்தியருக்கு ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியும். தெருவில் போகிறவர் காதில் விழுந்தது குட்டம் என்ற ஒற்றைச் சொல் மட்டும்.

அதற்கு விலை கொடுத்தவர்கள் தோலில் வெள்ளை படர்ந்தவர்கள். அவர்களுக்கு வந்திருப்பது மெலனின் என்னும் நிறமியைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வரும் நிறக்குறை. அது ஒட்டாது, உறுப்பைச் சிதைக்காது. வெள்ளைப் பகுதியைத் தொட்டால் தொடுவது நன்றாகவே தெரியும். தொழுநோய்த் தேமலில் அந்த உணர்ச்சிதான் போய்விடுகிறது. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் 'வெண்குஷ்டம்' என்று பெயர் வைத்துவிட்டோம். அந்த ஒரு சொல்லால் எத்தனை பெண்களின் கல்யாணம் நின்றது, எத்தனை பேருக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வைக்கப்பட்டன என்பதை இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர்களே இயக்கமாகத் திரண்டு, இதை வெண்புள்ளி என்று சொல்லுங்கள் என்று கேட்டார்கள். தமிழக அரசும் ஏற்றுக்கொண்டது. அண்மைக் காலத் தமிழில் நடந்த சொல் மாற்றங்களில் இதைத்தான் மிகச் சிறந்ததென்பேன்.

மேற்கிலும் இதே கதை நடந்திருக்கிறது. கிரேக்கத்தில் லெப்ரா என்றால் செதில் செதிலாக உரியும் தோல் நோய். எபிரேய வேதாகமத்தில் துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூடத் தோன்றும் ஒரு தீட்டுக்குப் பெயர் உண்டு; அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் லெப்ரா என்றார்கள். உண்மையான தொழுநோயைக் கிரேக்க மருத்துவர்கள் யானையின் பெயரால், எலிஃபன்டியாசிஸ் என்று அழைத்தார்கள். இடைக்காலத்தில் அரபு மருத்துவ நூல்கள் லத்தீனுக்குப் போனபோது பெயர்கள் இடம் மாறின. லெப்ரா தொழுநோய்க்கு வந்தது. யானைப் பெயர் கொசு பரப்பும் யானைக்கால் நோய்க்குப் போயிற்று. பழைய தமிழ் விவிலியத்தில் வீட்டுச் சுவருக்கும் குஷ்டம் வருவது இந்த வழியில்தான்.

1873-இல் நார்வேயின் பெர்கன் நகரில் அர்மவுர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். பழவினையும் இல்லை, பரம்பரையும் இல்லை, ஒரு பாக்டீரியா. ஆனாலும் விரல் அழுகுகிறது என்ற நம்பிக்கை போகவில்லை. அதை உடைத்தது வேலூர். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளின் கைகளை ஆராய்ந்தார். விரல் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சூடும் வெட்டும் உறைக்காமல், காயம் மேல் காயம் பட்டு அது தேய்கிறது என்று காட்டினார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். அதே காலத்தில், 1954-இல் வந்த 'ரத்தக் கண்ணீர்' படம் ஒழுக்கம் கெட்டவனுக்குக் குஷ்டம் என்று நாடெங்கும் சொல்லிக்கொண்டிருந்தது. எம்.ஆர். ராதாவின் நடிப்பை வியந்தவர்கள் அந்தத் தவறையும் சேர்த்தே நம்பினார்கள்.

சொல்லின் காயத்தை ஆற்ற உலகம் பல வழிகளில் முயன்றது. 1948-இல் ஹவானாவில் கூடிய தொழுநோய் மாநாடு, நோயின் பெயராலேயே ஆளை அழைக்கும் 'லெப்பர்' என்ற சொல்லைக் கைவிடச் சொன்னது. பிரேசில் 1995-இல் சட்டமே இயற்றி, ஹான்சன் பெயரால் அமைந்த சொல்லை அரசு ஆவணங்களுக்குக் கட்டாயமாக்கியது. ஹவானா மாநாடு நடந்த அதே 1948-இல்தான் உலகின் நோய்களை வகைப்படுத்தும் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் தன் பொறுப்பில் வெளியிடத் தொடங்கியது. ஃபிரெஞ்சுக்காரர் பெர்த்தியோன் 1893-இல் இறப்புக் காரணங்களுக்காக வகுத்த பட்டியலின் வளர்ச்சி அது. அதன் பத்தாம் பதிப்பில் தொழுநோய் ஏ30, தொற்றுநோய்களின் அத்தியாயத்தில். வெண்புள்ளி எல்80, தோல் நோய்களின் அத்தியாயத்தில். யானைக்கால் பி74. பெயர்க் குழப்பத்தால் ஒரே கூரையின் கீழ் அடைபட்டிருந்தவர்கள் தனித்தனி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நம் சட்டத்துக்கு அந்தத் தெளிவு வரத்தான் நாளாயிற்று. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்ற பிரிவு 2019-இல்தான் நீக்கப்பட்டது. மருந்து அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து ஆறு மாதத்தில், கிருமி மிகுந்த வகையில் பன்னிரண்டு மாதத்தில், நோயைக் குணமாக்குகிறது.

உங்கள் தோலிலோ உங்கள் வீட்டார் தோலிலோ தொட்டால் தெரியாத தேமல் இருந்தால் பெயருக்கு அஞ்சி மறைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.